ஊசி நேராக நிற்கிற இடம்

போகிறபோது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருந்தாளானால் வேதரத்தினம் இந்நேரம் வேலையை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருப்பார். “கடைசிப் பாட்டு மட்டும் கரகரன்னு இல்லாம பண்ணிடுங்க, சகாயம் அதைத்தான் கேக்கணும்னார்.” செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, பையை இடுக்கிக்கொண்டே, கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வையுங்கள் என்பதுபோல் சொல்லிவிட்டு மனைவி மங்கையர்க்கரசி படியிறங்கிப் போய்விட்டாள். போனவள் போய்விட்டாள், சொன்னது போகவில்லை. இவர் ரெக்கார்ட் பிளேயர் முன் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பல் குத்துகிற குச்சி மாதிரி ஒரு திருப்புளி வலது கையில். எதிரே, ஊசியைத் தாங்குகிற நீளமான கை. அதன் நுனியில் புதிதாக வாங்கிய கார்ட்ரிட்ஜ், ஊசி பொருத்திய அந்தச் சுண்டைக்காய் அளவுப் பெட்டி, இரண்டே இரண்டு திருகில் ஆடிக்கொண்டிருக்கிறது. பழைய ஊசி தேய்ந்துபோனதால் வாங்கினார். சகாயத்துக்காகவா வாங்கினார்? இல்லவே இல்லை. கூரியரில் வந்தது போன வாரம், அவன் போன் வந்தது நேற்று. அப்படியிருக்க இப்போது என்னவோ அவனுக்கு மாலை மரியாதை செய்யத்தான் இந்த வயதில் முதுகு வலிக்கக் குனிந்திருப்பதுபோல ஆகிவிட்டதே! அதுதான் எரிகிறது. சகாயமாம், சகாயம். சகாயராஜ் என்று பெற்றவர்கள் வைத்த முழுப்பெயர் இல்லையா அந்த மனுஷனுக்கு? கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் இவளோடு சேர்ந்து பாடியவன். பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கிறானாம். ஏதோ விசேஷத்துக்கு ஊருக்கு வந்தவன், சாயங்காலம் உறையூருக்கும் வந்து, தாங்கள் பாடிய பழைய ரெக்கார்டைக் கேட்டுவிட்டுப் போகிறானாம். கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இசைத்தட்டு வெட்டுகிற மெஷின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டு ஊசியோ ஒரு மூலையில் கட்டிப்போட்ட கையின் நுனியில் இருக்கிறது. கதவு திறக்கிற மாதிரி வளைந்துதான் வரும், வேறு வழியில்லை. அதனால் ஊசி தடத்தோடு நேராக நிற்பது மொத்தத் தட்டிலும் இரண்டே இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் கொஞ்சமாவது கோணல். அந்த இரண்டு இடம் எங்கே இருக்கட்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம், அவ்வளவுதான் நம் அதிகாரம். அதற்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் இரண்டு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆளுக்கொரு கண்ணாடி ஒட்டிய அட்டை, கட்டம் போட்டு, புள்ளி வைத்து, இவர் முன்னால் கிடக்கிறது. பேர்வால்ட் கணக்கு, கோணலைத் தட்டு முழுவதும் பார்த்துப் பார்த்துப் பங்கு போடுகிறது. ஆனால் உள்வட்டத்துக்கு வந்தால், தடமெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கடைசிப் பாட்டில், கொஞ்சம் கரகரப்பு மிஞ்சும். ஸ்டீவன்சன் கணக்கு அப்படியில்லை. நடுவில் எப்படியாவது போகட்டும், முடிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. பேர்வால்டா, ஸ்டீவன்சனா? மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற லேபில் ஆயுசைக் கழித்த மனிதருக்கு இது ஒரு கேள்வியா? பிழையே இல்லாத மீட்டர் கிடையாது. எங்கே எவ்வளவு பிழை என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உத்தியோகம். ஆனால் அந்த லேபில் எந்த மீட்டரும் இவர் பெண்டாட்டியோடு டூயட் பாடியதில்லை. முதல் அட்டையைப் போட்டுத் திருகை இறுக்கிவிட்டால் போதும், ஏழு பாட்டு பன்னீர் தெளித்த மாதிரி வரும், எட்டாவது பாட்டில், அவர்கள் சேர்ந்து பாடிய அந்த ஒரே பாட்டில், இரண்டு பேர் தொண்டையும் மணல் மென்ற மாதிரி இருக்கும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ‘பழைய தட்டு சார், உள்வட்டம் அப்படித்தான் இருக்கும்’ என்று கையை விரித்துவிடலாம். சார் என்று சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்தவனை வாடா என்றா சொல்ல முடியும்?

நேற்று போன் வந்தபோது இவர் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று பேர், ஒரே வரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஆமா சகாயம்... அய்யோ இல்ல சகாயம்... என்ன சகாயம் நீங்க, அதெல்லாம் மறப்பனா?” ஒரு போனில் எத்தனை சகாயம்! அந்த ‘ச’வை அவள் சொல்கிற அழகே தனி, நாக்கு நுனியில் வெல்லத்தை வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி. இவர் பெயரும் பெயர்தானே? கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அந்த வாயிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேதரத்தினம் என்று வந்திருக்குமா? இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது நர்ஸ் வந்து “பேஷண்ட் பேர் என்னம்மா?” என்று கேட்க, அவள் முந்தானையை வாயருகே கொண்டுபோய் இவரையே பார்த்தாள், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று. வலியோடு வலியாக இவர்தான் சொன்னார். மரியாதையாம். புருஷன் பெயரைச் சொல்லாததும் மரியாதை, சகாயத்தின் பெயரை நூறு தடவை சொல்வதும் மரியாதை! எந்த ஊர் நியாயம் இது? நல்ல நியாயம் போங்க. அதுகூடப் பரவாயில்லை, போனை வைத்ததும் அடுத்த கேள்வி என்ன தெரியுமா? “சாஸ்திரி ரோட்டுல நேந்திரங்கா சிப்ஸ் சூடா போட்டுத் தருவாங்கல்ல, அந்தக் கடை இன்னும் இருக்கா?” இவருக்குச் சிப்ஸ் கடித்தால் பல் கூசும். அவள் சிப்ஸ் பக்கமே போகமாட்டாள், நெஞ்சு கரிக்கும். அப்படியானால் அந்தச் சிப்ஸ் யாருக்கு? எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஒத்திகை நடக்கும்போதோ எப்போதோ, ஒருத்தன் எதைக் கொறித்தான் என்று இவள் மண்டைக்குள் ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கிறது. இவருக்குச் சேப்பங்கிழங்கு ஆகாது, அரிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! போன வாரம்கூட வறுத்து வைத்தாள். திருகு நழுவுகிறது. கையில் வியர்வை. நிதானம், நிதானம், ஊசி ஒடிந்தால் இன்னொன்று கிடைக்காது.

ரெக்கார்டின் உறை மேஜை மேல் சாய்ந்து நிற்கிறது. பார்க்கக்கூடாது என்று நினைத்தால் பார்வை அங்கேதான் போகிறது, பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு போகிற மாதிரி. ஒரே மைக். இந்தப் பக்கம் இவள், இரட்டைப் பின்னல், காதில் பெரிய வளையம். அந்தப் பக்கம் அவன், புள்ளி புள்ளியாகப் போட்ட சட்டை, காலர் இரண்டும் தோள் வரைக்கும். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் காலர், இவருக்கும்கூட அப்படி ஒரு சட்டை இருந்தது, ஆனால் அவனுடையதுதான் திமிர்பிடித்த காலராகத் தெரிகிறது. இரண்டு தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம்? இவர் எத்தனையோ தடவை கண்ணாலேயே அளந்தாயிற்று. ஒரு கை நுழையும். முழுசாக நுழையாது. ஏன், இரண்டு மைக் வைக்கக் குழுவுக்கு வக்கில்லையா? பெண் பார்க்கப் போன அன்றைக்கே இவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். மாமனார் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, “மங்கை நல்லா பாடுவா, ஒரு குழுவுல பாடிட்டிருந்தா, இப்ப நிறுத்தியாச்சு” என்றார். நிறுத்திட்டா என்று சொல்லவில்லை. நிறுத்தியாச்சு. யார் நிறுத்தினார்கள்? எதற்காக? இந்த ஒரு வார்த்தை அன்றைக்குக் கேசரியோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போனது அங்கேயே உட்கார்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து கேட்கிறது, யார் நிறுத்தினது, எதுக்கு நிறுத்தினது என்று. கேட்டுவிடலாமே அவளிடம்? கேட்டால், “அந்தக் காலத்துல பொண்ணு மேடையில பாடினா எந்த வீட்ல விடுவாங்க?” என்பாள். அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால் இவர் இத்தனை வருஷம் புழுங்கியது வீண். உண்மையாக இல்லாவிட்டால்? அதனால்தான் கேட்கவில்லை. ரகுநாதபுரத்தில் வாடகைக்கு இருந்தபோது கேட்கவில்லை, இந்த வீடு வாங்கி வந்த பிறகும் கேட்கவில்லை. ரெக்கார்டைப் போடும்போதெல்லாம் கடைசிப் பாட்டு மட்டும் தேய்ந்த ஊசியில் கரகரத்து, ‘சொந்தம்’ என்று அவர்கள் பாடுகிற இடம் ‘ஷ்ஷ்ஷொந்தம்’ என்று தாளிக்கிற சத்தமாக வரும். அவள், “கடைசிப் பாட்டு எப்பவுமே இப்படித்தான், எடுத்துடுங்க” என்பாள். இவரும் எடுத்துவிடுவார். இருவருக்கும் வசதியாக இருந்தது.

காது மட்டும் அவளுக்குப் பாம்புக் காது. கோவில் ஒலிபெருக்கியில் எவனோ ஒருவன் தேவாரம் பாடினால், “அரை சுருதி கீழ நிக்கறான், யாராவது போய்ச் சொல்லக்கூடாதா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். எதிர்வீட்டுக் காலிங்பெல்லில் இரண்டு மணி அடித்தால், இரண்டும் சேரவில்லை என்று தலைவலிக்கும் அவளுக்கு. கீழ்வீட்டுப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாளே, அதுகள் சுருதி விலகினால் திட்டமாட்டாள், அடிக்கமாட்டாள், முகத்தை மட்டும் ஒரு மாதிரி சுளிப்பாள். அந்தச் சுளிப்புக்கு அடியே தேவலை. கல்யாணமான புதிதில் இவர் குளிக்கும்போது சந்தோஷமாக ஏதோ முனகியிருக்கிறார். வெளியே வந்து தலையைத் துவட்டினால், “கொஞ்சம் கீழ பாடறீங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மூடிய வாய். அப்புறம் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட இவர் பாடியதில்லை, ‘ம்ம்ம்’ என்று முதுகில் தட்டுவதோடு சரி. அதற்காக வருத்தமா? வருத்தமில்லை என்றால் பொய். பாடுகிறவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்றால் அது இதனால்தான், சகாயராஜ் மட்டும் காரணமில்லை, உலகத்தில் வாயைத் திறந்து சரியாகப் பாடுகிற ஆம்பளை எல்லோரும் காரணம். ஆனால் அவர்களில் ஒருத்தன் மட்டும்தான் அவள் காதுக்குப் பக்கத்தில் நின்று பாடினான். அந்தக் காதுக்குப் பக்கத்தில்! அந்தக் காது அவனைப் பாஸ் பண்ணியிருக்கிறது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, முதல் அட்டையே. முடிவு பண்ணியாயிற்று. பேர்வால்ட் வாழ்க. ஊசி முனையைப் புள்ளியில் வைத்தார், பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். கண்ணாடி அட்டையில் ஊசித்தண்டும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கிறது. கூடவே தன் மூக்கும் தெரிகிறது, மூக்கு மயிரும் தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. திருகை இறுக்கி, சோதனைக்குக் கடைசிப் பாட்டில் ஊசியை இறக்கினார். புது ஊசியில் பழைய அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் உரிய இடத்தில் கரகரத்தது, ‘ஷ்ஷொந்தம்’. ஆகா! வாயெல்லாம் பல். சாயங்காலம் அந்த மனுஷன் சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கப் போவதை நினைத்தால் இப்போதே குளுகுளுவென்று இருக்கிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். பாதி டம்ளரில் நின்றுவிட்டார். அந்தப் பாட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில், கரகரப்புக்கு நடுவே, பொம்பளைக் குரலில் ஏதோ ஒன்று இருக்கிறதே? மூச்சா அது? சிரிப்பா? எத்தனையோ வருஷமாக அந்த இடம் இவரைக் குடைகிறது. சிரித்திருக்கிறாள் என்று சில நாள் தோன்றும். தேம்பியிருக்கிறாள் என்று சில நாள். அவன் ஏதாவது காதோடு சொல்லியிருப்பானோ என்றுகூட ஒரு தடவை, ரயிலில் மேல் படுக்கையில் தூக்கம் வராமல் கிடந்தபோது தோன்றி, விழுப்புரம் வரைக்கும் புரண்டிருக்கிறார். இப்போது கையில் புது ஊசி இருக்கிறது. இரண்டாவது அட்டையும் இருக்கிறது. அந்த இடத்தை அப்பட்டமாகக் கேட்டுவிடலாம். கேட்டுவிடலாம் என்று தோன்றிய பிறகு கேட்காமல் எப்படி இருப்பது? பொறாமை பிடித்தவனுக்குத் திரை போட்டு மூட மனசு வராது, விலக்கிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அவனுக்காக இல்லை, சத்தியமாக அவனுக்காக இல்லை, எனக்குத் தெரிய வேண்டும், என் வீட்டில் என் ரெக்கார்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? டம்ளரை வைத்துவிட்டு வந்து திருகைத் தளர்த்தினார். கார்ட்ரிட்ஜை ஒரு மயிரிழை நகர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, ஸ்டீவன்சன் அட்டையில் உள்புள்ளி, வெளிப்புள்ளி, மறுபடி உள்புள்ளி. வலது திருகை இறுக்கினால் தலை இடது பக்கம் திரும்புகிறது. இடதை இறுக்கினால் வலது. சனியனே, நில்லேன்! நெற்றி வியர்வை கண்ணாடி அட்டையில் சொட்டி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நின்றது. தண்டும் பிம்பமும் ஒன்றாக நின்றன. தட்டைச் சுழலவிட்டு ஊசியைத் தூக்கிய நேரம், படியில் செருப்புச் சத்தம்.

மங்கையர்க்கரசி உள்ளே வந்து, பையைக் கீழே வைத்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாள். சிப்ஸ் பொட்டலத்தின் சூடான எண்ணெய் வாசனை ஹாலெல்லாம் பரவிற்று. “ஆச்சாங்க?” என்றாள். இவர் தனியாகப் போட்டுக் கேட்டிருக்க வேண்டியது, ஐந்து நிமிஷம் முந்தியிருக்கக்கூடாதா! இனிமேல் அட்டையை மாற்ற முடியாது, சாக்கும் சொல்ல முடியாது. “ஆச்சு, போட்டுப் பாக்கறேன்” என்று ஊசியை இறக்கிவிட்டு, தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு வந்தது. அடடா, அது என்ன வருகை! பக்கத்து அறையில் நின்று பாடுகிற மாதிரி. ‘சொந்தம்’ என்று அந்தச் ‘ச’ பட்டுத்துணி வழுக்குகிற மாதிரி சுத்தமாக வந்தது. அவள் குரல், பத்தொன்பது வயசுக் குரல், இவர் பார்த்திராத வயசு. அதன்மேல் சாய்ந்துகொண்டு அவன் குரல். சரணம் முடிந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த இடம் வந்தது, போயிற்று. சிரிப்பில்லை, தேம்பலில்லை. ஒரு மூச்சு, வெறும் மூச்சு, பாடுகிற யாரும் எடுக்கிற மூச்சு. இதற்கா விழுப்புரம் வரைக்கும்? வெட்கத்தில் இவருக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மங்கையின் முகம் மாறுகிறது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். புருவம் சுருங்கியது. “இன்னொரு தடவ போடுங்க.” போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவன் தனியாகப் பாடுகிற வரி வந்ததும், வாய் ஓரம், இவருக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சுளிப்பு வந்தது.

“என்னங்க இது, சுருதி சேரலியே! கீழ நிக்கறாரே!” என்றாள். “பாருங்க, இங்க... தோ இங்கயும். வரிக்கு வரி கீழயே பாடறாரே இந்த மனுஷன்!” கரகரப்பில் இத்தனை நாள் அது மறைந்து கிடந்திருக்கிறது. அப்பா சாமி, இதைவிட ஒரு பரிசு உண்டா! இவருக்கு அந்த ஸ்டீவன்சனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. “அப்படியா, எனக்கு ஒண்ணும் தெரியலியே” என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். “சாயங்காலம் வருவாரே, சொல்லிடலாமா?” என்று சீண்டியும் பார்த்தார். அவள் பார்வை தட்டிலேயே இருந்தது. பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி எழுந்து, கீழே வைத்த பையை எடுத்து, எடுத்த கையோடு அப்படியே நின்றாள். இவரிடம் சொல்வதுபோலவும் இல்லை, சொல்லாததுபோலவும் இல்லை.

“ஒரே மைக்குங்க. காதுகிட்ட நின்னு பாடினார். அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்ல பாருங்க.”